விளக்கு திரும்பினால் குழலும் திரும்பும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்திருக்கிறேன். நான்குமே இருட்டில் பார்ப்பதைப் பற்றியவை. பினாங்கு மாநிலத்தின் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் 24 வருடம் துப்பாக்கி ஏந்திய காவலராக இரவு வேலை பார்த்தவன் என்பதால் ஆசிரியர் இவற்றை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மருமகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மாட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். இரவில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து மேய்ச்சல் நிலத்தை உழுதுபோட்டுவிடுகின்றனவாம். அவரிடம் ரைபிள் இருக்கிறது. அதில் பூட்டுவதற்கு நல்ல விளக்கு ஒன்றைப் பிறந்தநாள் பரிசாகத் தர விரும்புகிறேன். எத்தனை லூமென் பார்த்து வாங்க வேண்டும்? இங்கே பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 50,000 லூமென் என்று போட்ட டார்ச்லைட்கூட மலிவாகக் கிடைக்கிறது.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: ஐயா, பணத்தை அனுப்புங்கள், விளக்கை அனுப்பாதீர்கள். துப்பாக்கியில் பூட்டும் சாமானை இங்கிருந்து தபாலில் அனுப்புவது வேண்டாத தலைவலி. மருமகன் அங்கேயே கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். டெக்சாஸில் காட்டுப்பன்றியைத் தொல்லைப் பிராணியாகத்தான் வைத்திருக்கிறார்கள். 2019 செப்டம்பர் முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு அதைச் சுட வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. நம் நாட்டுச் சட்டம் வேறு. அங்கே செய்வதைப் பார்த்து இங்கே யாரும் யோசனை பண்ண வேண்டாம்.

சரி, லூமெனுக்கு வருவோம். பசார் மாலாமில் அட்டைப்பெட்டியில் அச்சடித்த 50,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். கார் முன்விளக்கில் போடும் எச்7 ஹாலஜன் பல்பு ஒன்று தருவது சுமார் 1,500 லூமென். அப்படியிருக்க, சட்டைப்பையில் போடுகிற ஒரு டார்ச்லைட் முப்பது கார் பல்புக்கு மேல் வெளிச்சம் தருமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உண்மையான எண்ணாக இருந்தாலும் லூமென் பாதிக் கதையைத்தான் சொல்லும். விளக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்பது லூமென். அந்த வெளிச்சம் நடுவில் எவ்வளவு கூர்மையாகக் குவிகிறது என்பது கேண்டெலா. வாசலில் தண்ணீர் பாய்ச்சும்போது குழாய் வாயை விரலால் அழுத்திப் பிடிப்போமே, அதுதான். தண்ணீரின் அளவு கூடுவதில்லை, ஆனால் எதிர் வேலி வரைக்கும் போகும்.

ஒரே கம்பெனியின் இரண்டு விளக்குகளைச் சொல்கிறேன். சூர்ஃபயர் எம்600டிஎஃப் 1,500 லூமென், 16,700 கேண்டெலா. அதே சூர்ஃபயரின் எம்640டிஎஃப்டி டர்போ வெறும் 700 லூமென்தான், ஆனால் 100,000 கேண்டெலா. லூமெனை மட்டும் பார்த்து வாங்குகிறவர் முதல் விளக்கைத்தான் எடுப்பார். திறந்த மேய்ச்சல் நிலத்தில் அது அவருக்குக் கைகொடுக்காது. கணக்கு எளிது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்கினால், பெட்டியில் போட்டிருக்கும் தூரம் மீட்டரில் வந்துவிடும். முதல் விளக்குக்கு 258 மீட்டர், இரண்டாவதுக்கு 632 மீட்டர்.

அந்தத் தூரத்தையும் அப்படியே நம்பக்கூடாது. எஃப்எல்1 என்று டார்ச்லைட்டுகளுக்கு ஒரு அளவுமுறை இருக்கிறது. அதன்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற இடம்தான் 'தூரம்'. ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. நிலா வெளிச்சத்தில் 250 மீட்டருக்கு அப்பால் நிற்பது பன்றியா, படுத்திருக்கும் கன்றுக்குட்டியா என்று சொல்ல முடியுமா? என்னால் முடியாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு, மூன்றில் ஒன்றானால் ஒன்பது மடங்கு. அதனால் பெட்டியில் உள்ள தூரத்தை மூன்றால் வகுத்து, கிடைப்பதைத்தான் பிராணியை அடையாளம் காணும் தூரமாக நான் எடுத்துக்கொள்வேன். 258 என்றால் 86 மீட்டர். மாட்டுப் பண்ணையில் இந்தக் கணக்கைத் தாராளமாகப் போடக்கூடாது.

வீட்டுக்குள்ளும் தொழுவத்திலும் மட்டும் புழங்குவதென்றால் அகலமாகப் பரவும் வெளிச்சமே நல்லது. உங்கள் மருமகனுக்கு வேண்டியது குவிந்த வெளிச்சம். 25,000 கேண்டெலாவுக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்ட்ரீம்லைட் புரோடாக் ரயில்மவுண்ட் எச்எல்-எக்ஸ் 1,000 லூமென், 27,600 கேண்டெலா. விலையும் சூர்ஃபயரைவிட நன்றாகவே குறைவு. இன்னும் எட்ட வேண்டுமென்றால் மாட்லைட் பிஎல்எச்வி2 இருக்கிறது, 1,350 லூமென், 54,000 கேண்டெலா. பரிசுக்கு எதை எடுப்பீர்கள் என்று என்னைக் கேட்டால், முதலில் ஸ்ட்ரீம்லைட். மிச்சப் பணத்துக்கு நல்ல கைவிளக்கு ஒன்று. ஏன் கைவிளக்கு என்பதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம், துப்பாக்கி உதைக்கும் என்பது. 1996-இல் நாங்கள் மூன்று பேர் சாதாரண டார்ச்லைட்டை '12 போர்' ரகப் பம்ப் துப்பாக்கியின் குழலுக்கு அடியில் கருப்பு டேப் போட்டுச் சுற்றி, சுடும் பயிற்சிக்கு எடுத்துப்போனோம். முதல் தோட்டாவுக்கு விளக்கு சிமிட்டியது. இரண்டாவதுக்கு அணைந்தேவிட்டது. பிரித்துப் பார்த்தால் பல்புக்குள் இழை அறுந்து கிடந்தது. பின்பக்க ஸ்பிரிங் பேட்டரியின் எடையில் நசுங்கிப்போயிருந்தது. இப்போதைய எல்ஈடியில் அறுவதற்கு இழை இல்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் பேட்டரி முன்னும் பின்னும் மோதுவது மாறவில்லை. துப்பாக்கிக்கென்றே செய்த விளக்கில் அந்த மோதலைத் தாங்குகிற மாதிரி ஸ்பிரிங்கையும் உள்பலகையையும் அமைத்திருப்பார்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அதற்குத்தான் போகிறது.

பூட்டும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைய ரைபிள்களில் குழலைச் சுற்றிப் பள்ளம் பள்ளமாக ஒரு தண்டவாளம் இருக்கும், அல்லது எம்-லாக் என்ற நீள்துளைகள் இருக்கும். விளக்கின் பிடி இவற்றில் எதற்கென்று தெரிந்து வாங்க வேண்டும். விளக்கின் முன்கண்ணாடியைக் குழல் வாய்க்கு அருகே, ஆனால் அதைத் தாண்டாமல் வைக்க வேண்டும். ரொம்பப் பின்னால் வைத்தால் குழலின் நிழல் வெளிச்சத்தின் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். முன்னால் இருந்தால் வெடிமருந்தின் கரி கண்ணாடியில் படியும். அது சாதாரணத் துணிக்குப் போகாது, பென்சில் அழிப்பானால் தேய்த்தால் போகும். சுவிட்ச், துப்பாக்கியைத் தாங்குகிற கையின் கட்டைவிரல் தானாக விழும் இடத்தில் இருக்க வேண்டும். அழுத்தினால் எரியவும் விட்டால் அணையவும் வேண்டும். மின்னல் மாதிரி விட்டுவிட்டு எரிவது, மங்கலாக எரிவது என்று ஐந்தாறு வித்தை காட்டும் விளக்கு வேண்டாம். பதறும் கைக்கு ஒரே வேலைதான் சரிவரும். நான் சொன்ன ஸ்ட்ரீம்லைட்டை முழு வெளிச்சம் மட்டும் எரிகிற மாதிரி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

பன்றி சுட விளக்கின் முன்னால் சிவப்பு, பச்சைக் கண்ணாடி போடச் சொல்வார்கள். அது பிராணியை மிரளவிடாமல் இருக்க. ஆனால் கண்ணாடி வெளிச்சத்தில் ஒரு பங்கைக் குடித்துவிடும், நிறத்தையும் மறைத்துவிடும். மாடுகள் நடமாடும் இடத்தில் நான் வெள்ளையைத்தான் சொல்வேன்.

பேட்டரிக்கு இரண்டு வகை. சிஆர்123ஏ என்ற குட்டை லித்தியம் கட்டை 10 வருடம்கூட அலமாரியில் கெடாமல் இருக்கும், ஆனால் திரும்ப சார்ஜ் செய்ய முடியாது. இரண்டு போடும் விளக்கென்றால் இரண்டையும் சேர்ந்தாற்போல் மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் சூடாகி வெடித்ததுண்டு. மற்றது 18650, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இதைச் சார்ஜ் செய்யலாம், அடிக்கடி பயன்படுத்துகிறவருக்கு இதுதான் கட்டுப்படியாகும். 9,900 என்று அச்சடித்த 18650-ஐத் தொடவே வேண்டாம். நல்ல கட்டையிலேயே 3,500 மில்லி ஆம்பியர்-மணி சுற்றித்தான் இருக்கும். சந்தேகமிருந்தால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்லது பெரும்பாலும் 45 கிராம் சுற்றி இருக்கும். போலி லேசாக இருக்கும், சிலவற்றைப் பிரித்தால் உள்ளே சின்னக் கட்டை ஒன்றும் மீதி இடத்துக்கு மாவும் இருக்கும்.

கேள்வி: அண்ணே, என் வீட்டுக்காரர் செகாம்புட்டில் ஒரு கிடங்கில் இரவு ஜாகா (காவலாளி). துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே பாதி விளக்கு எரியாது. பசார் மாலாமில் வாங்கிய டார்ச்லைட்டைத் துப்பாக்கியில் டேப் போட்டுக் கட்டிக்கொண்டு போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுக்கட்டுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. இன்று இரவே அந்த டேப்பைப் பிரிக்கச் சொல்லுங்கள். வாங்கிக் கொடுங்கள், ஆனால் துப்பாக்கிக்கு அல்ல, அவர் கைக்கு.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிறையில் ஒரு கிடங்கில் நான் வேலை செய்தபோது நானும் அப்படித்தான் கட்டி வைத்திருந்தேன். விடிகாலை இரண்டு மணி இருக்கும். அட்டைப்பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் சத்தம். என்னவென்று பார்க்க வேண்டும். பார்க்க விளக்கு வேண்டும். விளக்கு துப்பாக்கியில் இருந்தது. தூக்கினேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா உட்கார்ந்திருந்தார். கடைசி பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அங்கேயே படுத்திருக்கிறார். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினார். வெளிச்சம் அவர் நெஞ்சில் இருந்தது. குழலும் அங்கேதான் இருந்தது. என் விரல் விசையில் இல்லை. ஆனாலும் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் மீது நான் துப்பாக்கியை நீட்டியிருக்கிறேன். விடிந்ததும் டேப்பைப் பிரித்தேன். அந்த அக்காவுக்குக் காலையில் பசியாற வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பேசவே இல்லை, அழுதுகொண்டே இருந்தார். அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

துப்பாக்கியில் பூட்டிய விளக்கு தேடுவதற்கு அல்ல. துப்பாக்கியைத் தூக்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, எதிரில் நிற்பது யார், கையில் என்ன இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள மட்டுமே அது. சத்தம் கேட்டால் பார்க்க, பூட்டைச் சரிபார்க்க, படிக்கட்டு தெரிய, எல்லாவற்றுக்கும் கைவிளக்குத்தான். முறையாகப் பூட்டிய விளக்கு உள்ளவர்கள்கூட குழலைத் தரையை நோக்கி வைத்துத்தான் எரிய விட வேண்டும். 1,000 லூமென் விளக்கை இரண்டு அடி தள்ளித் தரையில் அடித்தால் அறை முழுவதும் தெரியும், யாரையும் குறிபார்க்க வேண்டியதே இல்லை.

அப்புறம், அந்தத் துப்பாக்கி அவருடையது அல்ல, அவர் வேலை செய்யும் நிறுவனத்தினுடையது. அதில் ஒரு திருகைக்கூட அவராகச் சேர்க்கக் கூடாது. விளக்கு தேவையென்றால் மேலாளரிடம் எழுத்தில் கேட்கட்டும், அவர்களே முறையாகப் பூட்டித் தரட்டும். எரியாத கிடங்கு விளக்குகளையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கூரையில் நாலு விளக்கை மாற்றினால் இந்தப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

கைவிளக்கு 500 முதல் 1,000 லூமென் போதும், அகலமாகப் பரவ வேண்டும். கிடங்குச் சுவர் வெள்ளையாக இருந்தால் ரொம்பக் கூர்மையான வெளிச்சம் திரும்பி அவர் கண்ணிலேயே அடிக்கும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். ஒரு முறை பளீரென்று அடித்தால் அத்தனையும் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மங்கலாக எரியும் நிலை ஒன்றும் அதில் இருக்கட்டும். தண்ணீர் தாங்க ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். கோலாலம்பூரின் சாயங்கால மழைக்கு அது தாராளம். கையில் மாட்டும் கயிறு கட்டாயம் வேண்டும்.

கேள்வி: அங்கிள், நான் படிவம் 4 மாணவன். நண்பர்களோடு விளையாட ஜெல் பிளாஸ்டர் என்ற, ஜெல் உருண்டை சுடும் விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று ஆன்லைனில் பார்த்தேன். அதில் பூட்ட நல்ல விளக்கு சொல்லுங்கள்.
– மாணவன், பினாங்கு

பதில்: தம்பி, வாங்காதே. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உண்மையானது மாதிரி இருக்கும் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். இருட்டில் அதில் விளக்கையும் பூட்டிக்கொண்டு நீ தெருவில் நின்றால், எதிரே வரும் போலீஸ்காரருக்கு அது பொம்மை என்று தெரியவே தெரியாது. நான் அந்தப் பக்கத்தில் நின்றவன். விளக்கின் மீது உனக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், ஒரு எல்ஈடி, ஒரு மின்தடை, ஒரு பேட்டரி வாங்கி நீயே ஒன்று செய்து பார். சந்தேகம் வந்தால் எனக்கு எழுது, பதில் போடுகிறேன்.

கேள்வி: ஐயா, பாலிக் பூலாவில் எங்களுக்குச் சின்ன டுரியான் தோட்டம். சீசனில் விடியுமுன் விழுந்த பழம் பொறுக்கப் போகிறோம். தலையில் மாட்டும் விளக்கு வாங்க வேண்டும். எது நல்லது? தூரம் போகிற மாதிரி வாங்கலாமா?
– வாசகர், பாலிக் பூலாவ், பினாங்கு

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அப்பா நினைவுக்கு வந்தார். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே கிளம்பிவிடுவார். நெற்றியில் கார்பைடு விளக்கு. கீழ் டப்பாவில் கார்பைடு கட்டி, மேல் டப்பாவில் தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, வரும் வாயு சின்ன மூக்கு வழியாக எரியும். பூண்டு அழுகின மாதிரி ஒரு நாற்றம் அதற்கு. லயத்தில் படுத்திருக்கும் எங்களுக்கு அந்த நாற்றம் வந்தால் அப்பா புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். அந்த மஞ்சள் சுடர் இரண்டு மரத்துக்கு மேல் எட்டாது. ஆனால் கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகிறது என்று அதில் துல்லியமாகத் தெரியும் என்பார்.

உங்களுக்கும் அதேதான். தூரம் வேண்டாம். காலடியிலிருந்து பத்துப் பதினைந்து அடி தெளிவாகத் தெரிந்தால் போதும், 200 லூமென் தாராளம். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் காய்ந்த இலையும் டுரியான் முள்ளும் பாம்பும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். பெட்டியில் 4,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்குக் கீழே, சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 90 என்று போட்டதைத் தேடுங்கள். நிறங்கள் பகலில் பார்ப்பதுபோல் பிரிந்து தெரியும். 'இத்தனை மணி நேரம் எரியும்' என்று போட்டிருப்பதைப் படிக்கும்போது, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடும் நேரத்தைத்தான் அப்படிக் கணக்குப் பண்ணுகிறார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனியுங்கள். தலைவிளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் நிழல் விழுவது தெரியாது. நிழல் தெரியாவிட்டால் குழியும் மேடும் தட்டையாகத் தெரியும். சரிவில் இறங்கும்போது கையில் இன்னொரு சின்ன டார்ச்லைட்டை இடுப்பு உயரத்தில் பிடித்துப் பாருங்கள், தரையின் ஏற்ற இறக்கம் எழுந்து வரும். மழை நாளில் பாசி பிடித்த கல்லில் இது ரொம்ப உதவும்.

விளக்கு வாங்கும் முன் ஹெல்மெட் வாங்குங்கள். இரண்டு கிலோ பழம் மேலேயிருந்து வரும்போது எந்த வெளிச்சமும் தடுக்காது. வாங்கிய ஹெல்மெட்டையும் கடைக்கு எடுத்துப்போய், விளக்கின் வார் அதன்மேல் நழுவாமல் உட்காருகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.